பின்பக்கம் பார்த்து நெய்கிறவர்கள்: ஓபுசோன் பயணக் குறிப்புகள்

செவ்வாய், பாரிஸ்

டேப்பிஸ்ட்ரி என்ற படத்திரைகள் நெய்கிற கோப்லான் தறிக்கூடத்தில் தறிகள் செங்குத்தாக நிற்கின்றன. மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை, நடுவே சுவர் மாதிரி பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்கள். நெசவாளர்கள் அந்தப் பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நெய்கிறார்கள். அவர்கள் கையில் உருவாவது படத்தின் பின்பக்கம். முன்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத் தறிக்கு எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பாவு இழைகளுக்கு இடையே எட்டி அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிகிறார்கள்.

நான் பவானிக்காரன். ஜமக்காளத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நூல் மானியம், தள்ளுபடி விற்பனை என்று பல உதவிகளைப் பார்த்துவிட்டேன். ‘இந்தா, இதுவரை யாரும் நெய்யாத ஒரு படம், இதை நெய்து பார்’ என்று ஒரு நெசவாளரிடம் கொடுத்து, அவர் யோசிக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி தருகிற உதவியை மட்டும் பார்த்ததில்லை. பிரான்சில் ஓபுசோன் என்ற சிற்றூரில் அது நடக்கிறது என்று படித்ததிலிருந்து நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. மொழிபெயர்ப்புக்கு அக்கா ஒருவர் கூட வருகிறார். புதுச்சேரியில் பிறந்தவர், நீண்ட காலமாகப் பாரிஸில் இருக்கிறார்.

டேப்பிஸ்ட்ரி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். துணியை நெய்து அதன்மேல் படம் தீட்டுவதோ பூவேலை செய்வதோ இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூலே படம். சாதாரணத் தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் நூல் சுற்றிய தனித் தார். அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் போய்த் திரும்பும். பாவு முழுக்க மறைந்துவிடும். காஞ்சிபுரத்தில் கோர்வை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே கரையில் மட்டும் செய்வதை இவர்கள் படம் முழுக்கச் செய்கிறார்கள்.

கோப்லான் என்பது 15ஆம் நூற்றாண்டில் பியெவ்ர் ஆற்றங்கரையில் சாயப்பட்டறை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். 1662இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பெர் இந்த இடத்தை அரசுத் தறிக்கூடம் ஆக்கினார். இன்றும் அரசுடையதுதான். நெசவாளர்கள் அரசு ஊழியர்கள். நெய்வது விற்பனைக்கு இல்லை. அரசு மாளிகைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகிறது. நெய்யப்படுபவையோ பெரும்பாலும் இன்றைய ஓவியர்களின் படைப்புகள். தறியில் ஏறி நின்றது பெரிய பெரிய நிறப் பரப்புகள் கொண்ட ஓர் அரூப ஓவியம். அதை முடிக்க வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஒரு அரசாங்கம் இவ்வளவு பொறுமையாக ஒரு படத்துக்குக் காத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இங்கே சாயப் பிரிவுக்கு 1824இல் தலைவராக வந்தவர் ஷெவ்ருல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்தன. ஒரு நிறம் அண்டை நிறத்தால் மாறித் தெரியும் என்ற அவருடைய ஆய்வு 1839இல் புத்தகமாக வந்தது. பின்னால் புள்ளிகளால் தீட்டிய ஓவியர்கள்வரை அதைப் பிடித்துக்கொண்டார்கள். நவீன ஓவியத்தின் ஒரு வேர் நெசவாளர்களின் புகாரில் இருக்கிறது. ஓவியர்தான் நெசவாளருக்குக் கொடுப்பவர் என்று நினைக்கிறோமே, இந்தக் கதை வேறு மாதிரி இருக்கிறது.

புதன், ஆன்ஜே

காலை ரயிலில் ஆன்ஜே. கோட்டைக்குள் ஒரு நீண்ட கூடம், மங்கலான வெளிச்சம். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆன்ஜூ பிரபு முதலாம் லூயி நெய்யச் சொன்ன டேப்பிஸ்ட்ரி இது. விவிலியத்தின் கடைசிப் பகுதியான திருவெளிப்பாட்டுக் காட்சிகள். படம் வரைந்து கொடுத்தவர் ப்ரூஜ் நகரத்து ஹென்னெகின். முதலில் சுமார் 140 மீட்டர் நீளம் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 100 மீட்டர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் துண்டு துண்டாக வெட்டி, குளிரில் ஆரஞ்சு மரங்களைப் போர்த்தவும் குதிரை லாயத்தில் தொங்கவிடவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் தேடிப் பிடித்து ஒட்டுப்போட்டார்கள்.

பூச்சியும் நெருப்பும் சூழ்ந்த அந்த நகரங்கள், ஏழு தலை மிருகம், அதற்கு நடுவே ஒரு குட்டி முயல் பொந்துக்குள் ஓடுகிறது. எத்தனை சாயங்கள் என்று பார்த்தால் மிகக் குறைவு. மஞ்சிட்டி இனத்துச் சிவப்பு, நம் அவுரி தருகிற அதே நீலத்தைத் தரும் ஒரு செடி, ஒரு மஞ்சள், அவற்றின் கலப்புகள். அவ்வளவுதான். நெசவு கொஞ்சம் முரடு. அதனாலேயே தூரத்திலிருந்து அத்தனை பலமாகத் தெரிகிறது.

1930களின் கடைசியில் இதைப் பார்த்து ஆடிப்போனவர் ழான் லுர்சா என்ற ஓவியர். அவருக்கு முந்தைய நிலைமை தெரிந்தால்தான் அந்த அதிர்ச்சி புரியும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் டேப்பிஸ்ட்ரி என்பது எண்ணெய் ஓவியத்தை நூலில் நகலெடுப்பது என்று ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கான நிறச்சாயல்கள், மயிரிழை நெசவு. வேலை நீண்டது, விலை ஏறியது, வாங்க ஆள் இல்லை. நெசவாளர் நகலெடுப்பவர் ஆனார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் லுர்சாவின் கடைசிப் பெரும் படைப்பு இருக்கிறது: ‘உலகின் பாடல்’. பத்துத் திரைகள், எல்லாம் சேர்த்துச் சுமார் 80 மீட்டர். 1957இல் யாரும் கேட்காமல் தானாகத் தொடங்கினார். கறுப்புப் பின்னணியில் அணுகுண்டு, ஹிரோஷிமாவின் மனிதன், எலும்புக் குவியல்; அப்புறம் மெல்ல மெல்ல இலை, சேவல், நட்சத்திரம், ஷாம்பெயின் குமிழிகள். 1966இல் அவர் இறந்தபோதும் வேலை முற்றுப்பெறவில்லை. நகரம் 1967இல் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது.

அந்தக் கூடத்தில் நெடுநேரம் நடந்தேன். அணுகுண்டுத் திரையின் முன்னால் அக்கா, “இதை நெய்தவர்களுக்கு இதோடு மாசக்கணக்கில் உட்கார வேண்டியிருந்திருக்குமே” என்றார். எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஓவியர் ஒரு வாரத்தில் வரைந்திருக்கக்கூடிய எலும்புகளை நெசவாளர் விரல் விரலாகக் கட்டியிருக்கிறார். விளக்கப் பலகையில் நெய்த பட்டறைகளின் பெயர் இருக்கிறது. நெய்தவர்களின் பெயர் எனக்குக் கண்ணில் படவில்லை.

வியாழன், வழியில்

ரயில் மாறி மாறி லா சூட்டெரேன். அங்கிருந்து பேருந்து, கெரே வழியாக. க்ருஸ் மாவட்டம் பிரான்சிலேயே ஆள் குறைந்த மாவட்டங்களில் ஒன்று. மொத்தமே ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் பேர் அளவில்தான். கருங்கல் வீடுகள், செம்பழுப்பு மாடுகள், காடு. மண் வளம் இல்லாததால் 19ஆம் நூற்றாண்டில் இந்த மாவட்டத்து ஆண்கள் கொத்தனார்களாகப் பாரிஸுக்கு நடந்தே போவார்களாம். பாரிஸின் அகன்ற தெருக்களில் பாதி இவர்கள் கை என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். சாயங்காலம் ஓபுசோன் வந்து சேர்ந்தோம். வேறொன்றும் இல்லை இன்று.

வெள்ளி, ஓபுசோன்

இந்த ஊரில் சுமார் 3,000 பேர். பவானியின் ஒரு தெரு அளவு கூட்டம். இங்கேதான் பன்னாட்டு டேப்பிஸ்ட்ரி மையம் இருக்கிறது. ஒரு காலத்தில் அலங்காரக் கலைப் பள்ளியாக இருந்த கட்டடத்தை மாற்றி 2016 ஜூலையில் திறந்தார்கள்.

2009இல் ஓபுசோன் டேப்பிஸ்ட்ரி யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. அப்போது ஓபுசோனிலும் பக்கத்து ஃபெல்தானிலும் சேர்த்து மூன்று சிறு நிறுவனங்களும் தனியாக நெய்கிற பத்துப் பேர் அளவிலும்தான் மிச்சம். ஐந்நூறு ஆண்டுத் தொழில், இரண்டு பேருந்தைக்கூட நிரப்பாத ஆட்கள். பட்டியலில் பெயர் வந்ததும் மாலை போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்திருப்பேன். இவர்கள் வேறு வழியில் போனார்கள். 2010இல் இரண்டு காரியம் தொடங்கினார்கள். ஒன்று, நெசவாளர்களுக்கு இரண்டு ஆண்டுப் பட்டயப் பயிற்சி. இன்னொன்று, இன்றைய கலைஞர்களுக்கு அழைப்பு: ஓபுசோன் நெசவுக்கென்று ஒரு புதிய படைப்பை யோசித்துக் கொண்டுவாருங்கள்.

அழைப்பு எப்படி நடக்கிறது என்பதைக் காட்சிக்கூடத்தில் பொறுப்பில் இருந்த ஒருவர் அக்கா மூலமாக விளக்கினார். கலைஞர்கள் மாதிரி அனுப்புகிறார்கள். நடுவர் குழு தேர்ந்தெடுக்கிறது. ஓவியர், சிற்பி, வடிவமைப்பாளர், ஒலிக் கலைஞர் யாராகவும் இருக்கலாம். நெசவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேர்வானதை மையம் வாங்கி, தறிக்கு அனுப்புகிறது. பட்டறைகள் அதற்குச் சின்ன மாதிரித் துண்டு நெய்து காட்டுகின்றன: இந்த இடத்தை நான் இப்படி நெய்வேன், இந்த நூல், இந்தத் தடிமன். அதைப் பார்த்து வேலை கொடுக்கப்படுகிறது. நெய்து முடித்தது மையத்தின் சேகரிப்பில் சேர்கிறது. இதற்கென்றே பொதுப்பணத்தில் ஒரு நிதி இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது இதுதான். படத்துக்குப் பணம் கொடுத்தால் கலைஞர் பிழைப்பார். தறிக்கு மானியம் கொடுத்தால் தறி நிற்காமல் ஓடும், நேற்று நெய்ததையே நெய்துகொண்டு. இங்கே கலைஞரும் நெசவாளரும் சேர்ந்து திணறி வழி கண்டுபிடிக்கிற அந்த மாதங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். நெசவாளருக்குப் புதுச் சிக்கல் கிடைத்தால்தான் கை புதுசாகக் கற்கும்.

2010இன் முதல் பரிசு நிகோலா புஃப் செய்த ‘ஒற்றைக்கொம்பன் தோல்’. ஒற்றைக்கொம்புக் குதிரையின் தோலை அப்படியே உரித்து விரித்தது மாதிரி ஒரு டேப்பிஸ்ட்ரி. தலையும் குளம்புகளும் லிமோஜ் பீங்கான். ஜப்பானியச் சித்திரக் கதையும் பழைய ஐரோப்பிய அலங்காரமும் கலந்த கோடுகள். இதே க்ருஸ் மாவட்டத்தின் பூசாக் கோட்டையில்தான் ‘சீமாட்டியும் ஒற்றைக்கொம்பனும்’ என்ற இடைக்காலத் திரைகள் 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டன. இன்று பாரிஸில் இருக்கின்றன. அந்த நினைவைக் கையில் எடுத்து, சுவரில் தொங்க வேண்டியதைத் தோலாக்கிவிட்டார். இப்படி ஓரங்கள் வளைந்து நெளிந்த துண்டைத் தறியில் எப்படி வடிவம் குலையாமல் எடுப்பது? நெய்தவர்கள் அதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் முதல் பார்வையில் விளையாட்டு என்று நினைத்துக் கிட்டே போனேன். கிட்டே போனதும் ஓரத் தையலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு செசில் லெ தலெக். அவருடையது வட்டமாக நிற்கும் சுவர். உள்ளே நுழைந்து நின்றால் ஒலி கேட்கும். டேப்பிஸ்ட்ரி என்றால் தட்டையாகத் தொங்கும் என்ற எண்ணம் அங்கேயே போயிற்று.

பெரிய கூடத்தில் தொங்கியவை எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளுக்குத் தானே வரைந்த நீர்வண்ணப் படங்களை நெய்த வரிசை ஒன்று இருக்கிறது. 2017இல் அவர் குடும்பத்தாரோடு ஒப்பந்தம். மூலப்படங்கள் ஒரு நோட்டுப் பக்க அளவே இருக்கும், நெய்தது சுவரளவு. நீர்வண்ணத்தில் தண்ணீர் ஊறிப் பரவிய ஓரம் இருக்குமே, அதை எதை வைத்து நெய்வது? தூரிகை விட்ட வெள்ளைத் தாளை எப்படிக் கம்பளியில் காட்டுவது? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. அதற்கப்புறம் ஜப்பானிய அசைபட இயக்குநர் மியாசாகியின் காட்சிகள், ஐந்து பெரிய திரைகள். 2022இல் தறியிலிருந்து இறங்கிய முதலாவது மட்டும் சுமார் 23 சதுர மீட்டர். சினிமாவில் பார்த்தால் வெளிச்சத்தால் ஒளிர்கிற பச்சைக் காடு. கம்பளியோ ஒளியைக் குடித்துவிடும். எப்படியோ அந்தக் காடு ஒளிர்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சனி, ஓபுசோன்

க்ருஸ் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. இந்தத் தண்ணீரின் புளிப்புத்தன்மை கம்பளியை அலசவும் சாயம் பிடிக்கவும் நல்லது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். பழைய தெருவில் ஒரு நெசவாளர் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் தறி.

1665இல் கொல்பெர் ஓபுசோனுக்கும் ‘அரசுத் தறிக்கூடம்’ என்ற பட்டம் தந்தார். ஆனால் கோப்லான் மாதிரி ஒரே கட்டடம் இல்லை. வீட்டுக்கு வீடு தறி, தனித்தனி முதலாளி. சம்பளமும் அரசுடையது இல்லை. 1685இல் மன்னர் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது இங்கிருந்த நல்ல நெசவாளர்கள் பலர் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று ஓடிப்போனார்கள். அதன்பிறகு ஏறுவதும் விழுவதுமாகவே இந்த ஊர் வந்திருக்கிறது.

1930களில் விழுந்திருந்த சமயம் மரி குத்தோலி என்ற பெண்மணி பிக்காசோ, ப்ராக், லெஜே போன்றவர்களின் ஓவியங்களை இங்கே நெய்ய வைத்தார். பெரிய பெயர்கள் வந்தன, ஆனால் அவை ஓவியத்தின் நகல்களே. உள்ளூர்ப் பள்ளியின் தலைவராக 1917இல் வந்த மரியுஸ் மார்த்தான் அதற்கு முன்பே வேறு வழி சொல்லிக்கொண்டிருந்தார்: முரட்டு நெசவு, குறைந்த நிறம், தறிக்கென்றே வரைந்த படம். லுர்சா வந்து அதை ஊரறியச் செய்தார். 1939இல் வேலையில்லாமல் கிடந்த பட்டறைகளுக்கு உதவ அரசு அவரையும் குரோமேர், துய்ப்ரேய் என்ற இன்னும் இரண்டு ஓவியர்களையும் ஓபுசோனுக்கு அனுப்பியது.

லுர்சாவின் முறை இது: திரையின் முழு அளவில் கறுப்புக் கோட்டில் படம், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண், எண்ணுக்கு ஒரு நிறம், மொத்தம் சில பத்து நிறங்கள்தான். வேலை சுருங்கியது, செலவு குறைந்தது, ஓபுசோன் பிழைத்தது. அந்த நன்றி இந்த ஊருக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த எண் போட்ட தாளைக் கண்ணாடிப் பேழையில் பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. நெசவாளர் தீர்மானிக்க அதில் இடமே இல்லை. 12 என்றால் 12, 13 என்றால் 13. எண்ணெய் ஓவியத்தை நகலெடுத்தவர்கள் இப்போது எண்ணை நகலெடுத்தார்கள். அவசரத்துக்கு அது சரி, நூறாண்டு ஓடாது.

கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கூட இங்கே வந்தவர்தான். வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகிற சுவர் என்று டேப்பிஸ்ட்ரியைக் கொண்டாடினார். சண்டிகர் உயர் நீதிமன்றத்துக்கு அவர் வடிவமைத்த பிரம்மாண்டமான திரைகள் மட்டும் காஷ்மீரில் நெய்யப்பட்டன. நம் நாட்டிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது, யாரும் பேசுவதில்லை.

ஞாயிறு

மழை. கடைகள் மூடிக் கிடக்கின்றன. துணி துவைத்தேன், இந்தக் குறிப்புகளைச் சரிபார்த்தேன்.

திங்கள், ஒரு பட்டறை

இன்று முழுக்க ஒரு சின்னப் பட்டறையில். இரண்டு பெண்கள் நடத்துகிறார்கள், இரண்டு பேரும் அந்த இரண்டு ஆண்டுப் பயிற்சியில் படித்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள்.

ஓபுசோன் தறி படுக்கைத் தறி. நம் குழித்தறி மாதிரியே மிதிப்பலகை உண்டு. மிதித்தால் பாவு இழைகள் ஒன்றுவிட்டு ஒன்று மேலெழும். முழு அளவுப் படம் பாவுக்கு அடியில் விரிந்திருக்கிறது, இழைகளின் இடுக்கில் அதைப் பார்த்தபடி நெய்கிறார்கள். இங்கேயும் பின்பக்கம்தான் மேலே. அதனால் அடியிலிருக்கும் படம் இடவலம் மாறி வரையப்பட்டிருக்கும். நெய்தது நெய்ததாகச் சுருட்டப்பட்டுப் போய்விடுவதால், கண்ணுக்கு முன்னால் இருப்பது எப்போதும் ஒரு கைப்பிடி அகலம்தான். முழுப்படத்தை நெசவாளரும் முதல்முறை பார்ப்பது தறியிலிருந்து அறுத்து இறக்கும் அன்றுதான். அந்த நாளை இங்கே சடங்கு மாதிரி கொண்டாடுகிறார்கள். கலைஞர், பணம் கொடுத்தவர், ஊர்க்காரர் எல்லோரும் வந்து கத்தரிக்கோலைக் கைமாற்றி ஆளுக்குக் கொஞ்சம் பாவை வெட்டுவார்கள்.

மூத்தவர் எனக்கு ஒரு தாரைக் காட்டினார். குழல் மாதிரி நீண்ட மரத்துண்டு. அதில் ஒரே நூல் இல்லை. நான்கைந்து மெல்லிய இழைகள் சேர்த்துச் சுற்றியிருந்தன. இரண்டு சாம்பல், ஒரு நீலம், ஒரு துளி ரோஜா. தூரத்திலிருந்து பார்த்தால் ஈரமான சுவரின் நிறம். எந்த வண்ண அட்டையிலும் அது கிடையாது. அவர் கலந்தது.

“ஓவியர் உங்களிடம் நிறத்தைச் சொல்லிவிடுவாரா?” என்று அக்கா வழியாகக் கேட்டேன்.

“சிலர் சொல்வார்கள். இந்தப் படத்துக்காரர் ‘விடியலுக்கு முன்னால்’ என்று மட்டும் சொன்னார். நான் மூன்று துண்டு நெய்து காட்டினேன். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, தன் படத்தையே மாற்றிக்கொண்டு வந்தார்.”

மாதிரித் துண்டுகள் சுவரில் குத்தப்பட்டிருந்தன. ஒரே மேகம் மூன்று விதமாக. முதலாவதில் நிறம் படிப்படியாக மாறுகிறது, நிழற்படம் மாதிரி, உயிரே இல்லை. இரண்டாவது அரைகுறை. மூன்றாவதில் ஒரு நிறம் சீப்புப் பல் மாதிரி நீண்டு அடுத்த நிறத்துக்குள் குத்துகிறது. இரண்டே நிறத்தில் மூன்றாவது பிறக்கிறது. பழைய ஓபுசோன் நெசவின் கைவரிசை இது, ஐந்நூறு ஆண்டுகளாக இருப்பது. ஆன்ஜே கோட்டையில் பார்த்த அதே பற்கள், இங்கே ஓர் இளம் கலைஞரின் கணினிப் படத்தில்.

இரண்டு நிறம் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் நெசவில் கீறல் மாதிரி இடைவெளி விழும். அதைக் கடைசியில் ஊசியால் தைத்து மூட வேண்டும். “இந்தக் கலைஞர் சிலதை மூட வேண்டாம் என்கிறார். வெளிச்சம் வரட்டுமாம்,” என்று சிரித்தார் இளையவர். “எங்கள் ஆசிரியர் பார்த்தால் திட்டுவார். எனக்குப் பிடித்திருக்கிறது.”

எழுதியவர் சாகித்யத்தைக் கொடுத்துவிட்டார், பாடுகிறவர் எங்கே கார்வை கொடுப்பது, எங்கே சங்கதி போடுவது என்று பார்க்கிறார். இந்த உறவை நம் சங்கீதத்தில் நாம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். பாடகரின் பெயரைச் சொல்லித்தான் கச்சேரிக்கே போகிறோம். நெசவில் ஏன் இல்லை?

பெயர் விஷயத்தைக் கேட்டேன். திரையின் கீழ் மூலையில் பட்டறையின் குறி நெய்யப்படும். பின்பக்கம் ஒரு துணிச்சீட்டு தைத்து அதில் படைப்பின் பெயர், பட்டறை, எத்தனையாவது படி என்றெல்லாம் எழுதிக் கலைஞர் கையெழுத்துப் போடுவார். பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு படத்திலிருந்து எட்டுப் படிகள் வரை நெய்தால்தான் மூலக் கலைப்படைப்பு. அதற்கு மேல் போனால் இல்லை. இப்போதெல்லாம் மையத்தின் பெயர்ப் பலகையில் கலைஞர் பெயருக்குக் கீழேயே நெய்த பட்டறை பெயரும் வருகிறது. “அது முக்கியம்,” என்றார் மூத்தவர். “அடுத்த கலைஞர் எங்களைத் தேடி வர அதுதான் முகவரி.”

ஒரு நெசவாளர் மாதத்துக்குச் சுமார் ஒரு சதுர மீட்டர் நெய்யலாம் என்பது இங்கே பொதுவான கணக்கு. நுணுக்கமான படம் என்றால் அதுவும் முடியாது. பெரிய வேலைகளுக்கு நடுவே பழைய திரைகளைச் செப்பனிடுவது, வார இறுதியில் வகுப்பு எடுப்பது என்று ஓட்டுகிறார்கள். வாழ்க்கை எளிதாக இல்லை. ஆனால் இருவரும் முப்பதுகளில் இருக்கிறார்கள், வேறு ஊரிலிருந்து இந்தத் தொழிலுக்கென்றே இங்கே குடிவந்தவர்கள். பவானியில் என் வயதுக்காரர்கள்கூடத் தறியை விட்டு எப்போதோ போய்விட்டார்கள்.

செவ்வாய், ஃபெல்தான்

ஓபுசோனிலிருந்து பத்துக் கிலோமீட்டர். தெராட் நூற்பாலை இங்கேதான். பஞ்சு மாதிரி உள்ளே போகிற கம்பளி, சீவி, நூற்று, முறுக்கிச் சிட்டமாக வெளியே வருகிறது. பெரும்பாலான இயந்திரங்கள் பழையவை, சத்தம் காதை அடைக்கிறது. டேப்பிஸ்ட்ரிக்கு வேண்டிய நூல் கடையில் கிடைக்கிற பின்னல் நூல் இல்லை. இறுக்க முறுக்கி, மெலிசாக, பல இழை சேர்த்தாலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இந்த ஆலை மூடினால் பட்டறைகள் தவிக்கும். பட்டறைகளுக்கு வேலை வராவிட்டால் இந்த ஆலைக்கு வேலை குறையும். ஆகவே நேற்றுப் பார்த்த அந்த இளம் கலைஞரின் மேகம் இங்கே ஒருவருக்குச் சம்பளம்.

இதே ஊரில் 1867இலிருந்து இருக்கிற பான்தோன் தறிக்கூடத்தில்தான் இங்கிலாந்தின் கவென்ட்ரி தேவாலயத்துக்கான திரை நெய்யப்பட்டது. போரில் குண்டு விழுந்து சிதைந்த பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில் புதியது கட்டி 1962இல் திறந்தபோது, பீடத்துக்குப் பின்னால் கிரஹாம் சதர்லேண்ட் வரைந்த கிறிஸ்து. சுமார் 23 மீட்டர் உயரம், 12 மீட்டர் அகலம், ஒரே துண்டு. 1,500 பேர் அளவில் வாழும் ஓர் ஊர் அதை நெய்து அனுப்பியிருக்கிறது.

திரும்பும் பேருந்தில் அக்காவுக்கும் எனக்கும் வாக்குவாதம். மியாசாகி, டோல்கீன் வரிசைகளைப் பற்றி. நான் சொன்னேன்: “அருமையான நெசவு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த படம். தோற்குமோ என்ற பயம் இல்லாத இடம். பேர் தெரியாத கலைஞரைக் கூப்பிடுகிற அந்த அழைப்புதான் உயிர். பணம் முதலில் அங்கே போகட்டும்.”

அக்கா விடவில்லை. “தம்பி, 23 சதுர மீட்டர் என்றால் ஒரு பட்டறைக்கு எத்தனை மாசம் அடுப்பெரியும்? கணக்குப் போடுங்க. அந்த மாசங்களில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் கற்றுக்கொள்வாள். அவள் கற்ற பிறகுதான் உங்கள் பேர் தெரியாத கலைஞர் கொண்டுவருவதை நெய்யக் கை இருக்கும்.”

“நெய்யக் கை இருக்கும், சரி. அந்தக் கைக்குச் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியுமா?”

“திங்கள்கிழமை பார்த்தோமே, மேகத்தை மூன்று விதமாக. அவங்க எங்கே வேலை கற்றுக்கிட்டாங்கன்னு நினைக்கிறீங்க? டோல்கீன் திரையில்தான். நீங்க நூலைப் பார்த்துக்கிட்டு இருந்தப்போ என்கிட்டே சொன்னாங்க.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் அந்த அழைப்புக்கான பணம் குறையக் கூடாது என்பதில் நான் அசையவில்லை. அக்காவும் அதை ஒப்புக்கொண்டார். எது முதலில் என்பதில் மட்டும் கெரே வரும்வரை ஒத்துப்போகவில்லை.